ரதீபாவின் சுவரில் ஒரு கப்பல்

ரதீபா அதிகம் பேசுகிறவள் அல்ல. கணவன் இறந்தபின் அவளுக்கு இருந்த ஒரே ஆதாரம், வீட்டுக்குப் பின்னால் சுவர்போல அடுக்கிய மண்குழாய்கள். குழாய்க்கு ஒரு தேனீக் குடும்பம். ஒவ்வொரு குழாயின் வாயைச் சுற்றியும் நீலத்திலும் மஞ்சளிலும் பட்டை, வட்டம், நட்சத்திரம் என்று வெவ்வேறாக வரைந்திருந்தாள்.

"புது ராணி கல்யாணத்துக்குப் பறந்துட்டு வரும்போது இதைப் பாத்துத்தான் தன் வாசலைக் கண்டுபிடிக்கும். பக்கத்து வாசல்ல நுழைஞ்சா அங்க இருக்கற தேனீங்க கொன்னு வெளிய தள்ளிரும்" என்பாள். ராணி செத்தால் அந்தக் குடும்பமும் அதோடு சரி.

ஒரு வசந்தத்தில் தேனீக் குடும்பங்களைப் புது ராணி வளர்க்கும்படி பிரித்து வைத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போனாள். எல்லாக் குழாய்களிலும் புது ராணிகள் பிறந்தன.

எகிப்தில் எங்கள் மன்ஃபலூத் பக்கம், ஹஜ் போனவர் திரும்புமுன் வீட்டுக்குச் சுண்ணாம்படித்துப் பயணத்தைப் படமாக வரைந்துவிட வேண்டும். இல்லையென்றால் சொந்தக்காரர்களுக்குத் தலைகுனிவு. அவள் கொழுந்தன் ஷிஹாத்தா வாளியோடு வந்தான். பாசம் உண்டு, நிதானம் கிடையாது.

"தேன்குழாயையுமாடா பூசற?" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டேன்.

"மெக்காவுலேருந்து வர்ற அண்ணி இந்தக் கிறுக்கலையா பாக்கணும்? நீ போய் டீ போடு, போ!"

ராணிகள் வெளியே பறந்திருந்த நடுப்பகல் அது. குழாய்ச் சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஓர் ஓரத்துக் குழாய்களில் மட்டும் கப்பலும் ஒட்டகமும் கஅபாவும் வரைந்தான். அதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டது.

குலவைச் சத்தத்தோடு வந்து இறங்கிய ரதீபா நேரே பின்பக்கம் போனாள். வெறும் வெள்ளைக் குழாய்களின் கீழே ராணிகள் செத்துக் கிடந்தன. படமிருந்த ஓரத்தில் மட்டும் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. அங்கிருந்த ராணிகள் தாமதமாகப் பறந்தவை. புதுப் படங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டவை. ரதீபா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஷிஹாத்தாவை அறைய வேண்டும்போல் இருந்தது.

விஷயம் புரிந்ததும் அவன் நீலச் சாயத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "எல்லாத்தையும் பழையபடி வரைஞ்சுடறேன் அண்ணி! எது எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க!"

"வெள்ளைப் பக்கம் இனி யாருக்குடா வரையப் போற?" என்றாள். அவன் கப்பலை அழிக்கத் திரும்பியதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைத் தொடாத. மிச்சம் இருக்கறதுங்களுக்கு இப்ப அதுதான் வீடு."

அதனால் கப்பல் அப்படியே இருக்கிறது. தினமும் அதன் முன்னால்தான் அவள் வேலை செய்தாக வேண்டும். ஹஜ் முடித்து வந்த ஹஜ்ஜாவைப் பார்க்க வருகிறவர்கள் யார் வரைந்தது, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று கேட்பார்கள். "என் கொழுந்தன்" என்பாள்.