பச்சைக்கு வழிவிடும் ரோடு

எங்கள் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிற பொம்பளை என்றால் லாரிக்காரர்களுக்கு அப்படி ஒரு இளக்காரம். ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினால் மண்ணில் இறங்கிவிடுவாள் என்று நினைப்பு. ரொம்ப நாள் இறங்கத்தான் செய்தேன். பென்னலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் சர்வீஸ் ரோட்டில் தார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று போட்டவனுக்கே தெரியாது. அதில்தான் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை எனக்கு. காண்ட்ராக்ட். கம்பெனி பஸ் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். நாங்கள் உருண்டு வந்தாலும் சரி, பறந்து வந்தாலும் சரி, காலை ஷிஃப்டுக்கு கேட்டில் நிற்க வேண்டும்.

ஒரு மார்கழிக் காலையில், பனி விலகாத நேரத்தில், டிப்பர் லாரி ஒன்று என் ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போனது. விழுந்ததில் முழங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. லாரிக்காரன் நிறுத்தினான். தூக்கிவிட வருகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "கறுப்புத் துணி போட்டுகினு பனியில வந்தா யாருக்கும்மா தெரியும்?" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். கையில் கல் இருந்திருந்தால் அவன் கண்ணாடி அன்றைக்குத் தப்பியிருக்காது. ஆனால் என் உடம்பில் இருந்தது மெரூன் யூனிஃபார்ம், மேலே கறுப்பு ஷால். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் என் புருஷன் கையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னொரு தபா வியுந்துட்டு வந்தேன்னு வெச்சுக்க, வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம். வூட்லயே கெட."

அக்கறையில் சொன்னார், தெரியும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு டிப்பர் லாரிக்குத் தாரைவார்க்க நான் தயாராக இல்லை. விழக்கூடாது. விழாமல் இருக்க, நான் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனிக்குள் போட்டுக்கொள்ள எங்களுக்கு ஆரஞ்சு கலரில் ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் கொடுத்திருந்தார்கள். முதலில் அதையே ரோட்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியே உரசினார்கள், அப்படியே ஹாரன் அடித்தார்கள். சரி, கலர்தான் கோளாறு என்று ஸ்ரீபெரும்புதூரில் சேஃப்டி சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனிக்கு இல்லிங்க. எனக்கு. சைக்கிள்ல போறதுக்கு."

"சைக்கிளுக்கா?" என்று சிரித்தார். "இதெல்லாம் கம்பெனிக்கு எடுக்கிறதும்மா."

"ஏன், கம்பெனி ஆளு உசுருதான் உசுரா?" என்றேன். சிரிப்பு நின்றது. ஜாக்கெட்டுகளை எடுத்துப் போட்டார். எல்லாம் ஆம்பளை அளவு. போட்டால் முட்டிக்கு வருகிறது. செயினில் மாட்டி அதுவே என்னைக் கவிழ்த்துவிடும். பளபளக்கும் பட்டை சிலதில் வெறுமனே ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் கையோடு வந்தது. அவர் முகம் சுளிக்கச் சுளிக்க நான் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். கடைசியில், பட்டையைத் தையல் போட்ட ஒன்று கிடைத்தது. கண்ணைக் குத்துகிற எலுமிச்சைப் பச்சை. வீட்டில் அதைப் பிடித்துச் சின்னதாக்கித் தைத்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் புருஷனை எழுப்பி, மேம்பாலம் கட்டுகிற இடத்தில் எதிர்ப்பக்கம் நிற்கவைத்தேன். முதலில் ஆரஞ்சு போடச் சொன்னேன். அங்கே தடுப்பு ஆரஞ்சு, ரோட்டில் வைக்கிற கூம்பு ஆரஞ்சு, வேலை செய்கிறவன் சட்டை ஆரஞ்சு. மனுஷன் அதற்குள் காணாமல் போய்விட்டார்.

"யோவ், எங்கய்யா கீற?"

"இங்கதான்டீ கீறேன்! கண்ணு அவிஞ்சு பூடுச்சா?"

பச்சையைப் போட்டதும், அங்கே அவரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இனிமேல் என்னைப் பார்க்காமல் போகட்டும் பார்க்கலாம் என்று அன்றைக்கே பச்சையில் கிளம்பினேன்.

பார்த்தார்கள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. லாரி ஒன்று தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் என்னைக் கண்டதும், கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை அவசர அவசரமாகத் தலைக்கு ஏற்றினார்கள். ஷேர் ஆட்டோக்காரர், "மேடம், இன்னிக்கு செக்கிங்கா?" என்று பல்லைக் காட்டினார். எங்கள் ஊர்ப்பக்கம் பச்சை என்றால் ஆபீசர். சேஃப்டி ஆபீசர், ஹைவேஸ்காரர், யாரோ ஒரு பெரிய ஆள். ஆரஞ்சு என்றால் பெருக்குகிறவள், மண் அள்ளுகிறவன். அதனால்தான் ஆரஞ்சு யார் கண்ணிலும் படவில்லை. மேம்பாலத்துக் கூம்பை நான் வீணாகக் குற்றம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வந்த வெறுப்பில், வழிவிட்ட ஒவ்வொரு வண்டியையும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனாலும் விழாமல் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டில் எச்.ஆர். சார் நின்றிருந்தார்.

"யாரும்மா உனக்குப் பச்சை குடுத்தது?"

"நானே வாங்கினேன் சார். ரோட்டுக்கு."

"பச்சை சேஃப்டி ஆபீசருக்கு. காண்ட்ராக்ட்டுக்கு ஆரஞ்சு. கஸ்டமர் வர்ற நேரம், ஒன்னப் பாத்துட்டு யாருன்னு நெனைப்பாங்க? கேட்டுக்கு வெளிய, நம்ம டர்னிங்லயும் இதப் போடக்கூடாது. இன்னொரு வாட்டி பாத்தேன், காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆள மாத்திருவேன்."

விழுந்தாலும் வேலை போகும், விழாமல் இருந்தாலும் போகும். நல்ல நியாயம்! அன்றிலிருந்து, கம்பெனிக்குத் திரும்புகிற டர்னிங்குக்கு முன்னால் இருக்கிற டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி, பச்சையைக் கழற்றிப் பையில் திணித்து, ஆரஞ்சை மாட்டுவேன். கன்டெய்னர் லாரி எல்லாம் திரும்புகிற இடம் அந்த டர்னிங்தான். மொத்த ரோட்டிலும் மோசமான அந்தத் துண்டை மட்டும் நான் கூம்பு மாதிரிதான் தாண்ட வேண்டும்.

ஒருநாள் காலை, ஜங்ஷனில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தேன். பச்சைதான் போட்டிருந்தேன்; தூசிக்கு முகத்தை ஷாலால் சுற்றியிருந்தேன். ஒரு வெள்ளை கார் எனக்காக நின்றது. உள்ளே எச்.ஆர். சார். என்னை அடையாளம் தெரியவில்லை. கையை நீட்டி, நீங்க போங்க என்று பணிவாகக் காட்டினார். வாழ்க்கையில் முதல்முறை! நான் கடந்தேன். அவர் காருக்கு முன்னால் கன்டெய்னர் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. நான் மண்பாதையில் இறங்கிப் போய், டீக்கடையில் முகத்தை அவிழ்த்து, பச்சையைக் கழற்றி ஆரஞ்சை மாட்டிக்கொண்டு டர்னிங்கில் திரும்பினேன்.

பின்னால் ஹாரன். ஒதுங்குவதற்குள் மட்கார்டில் ஒரு இடி. சைக்கிளோடு சாய்ந்து ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். திரும்பினால் அதே வெள்ளை கார். கண்ணாடி இறங்கியது.

"கண்ணு தெரியலியா உனக்கு? கார் வர்றது தெரியாம நடு ரோட்ல வர்ற?"

சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு அவர் கண்ணாடிப் பக்கம் போனேன்.

"எனக்குத் தெரியுது சார். உங்களுக்கும் தெரிஞ்சுது. இப்பதான் ஜங்ஷன்ல வண்டிய நிறுத்தி, போங்கன்னு கை காட்டுனீங்களே, அது நான்தான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பையிலிருந்து பச்சை ஜாக்கெட்டை உருவி, அவர் முகத்துக்கு நேராக உதறினேன். ஆரஞ்சுக்கு மேலேயே அதைப் போட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற காரைப் பார்த்தார், தடுப்பைத் தூக்கினார்.

அதற்கப்புறம் யாரும் என்னிடம் கலர் கேட்கவில்லை. நசுங்கிய மட்கார்டை நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்று என் புருஷன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். யாராவது என் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டால் அந்த மட்கார்டைத்தான் காட்டுவேன்.