சி டிரைவில் இருந்த தமிழ்

"அடுத்த வாரம் பண்ணிக்கோடா. புதன்கிழமை பாட்டெல்லாம் பிரஸ்ஸுக்குப் போகட்டும், அப்பறம் நீ என்ன வேணும்னாலும் நோண்டிக்கோ" என்று அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸில் எல்லா மெஷினிலும் புது விண்டோஸ் எக்ஸ்பி. கரமனையில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்ததோ நான் காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கிய பழைய பென்டியம். அதில் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. பென் டிரைவைச் சொருகினால் திருதிருவென்று முழிக்கும். நாலே மாதத்தில் எனக்கு ஏறியிருந்த தலைக்கனத்துக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அந்த மெஷினை நிஜமாக உபயோகித்தது ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த அம்மாதான். எதிர்வீட்டு மாமியின் கல்யாணப் பாட்டுகளை அதில் டைப் செய்து வைத்திருந்தாள். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் நலங்குக்கு மாமிதான் பாடுவாள். சம்பந்திகளைக் கேலி செய்யும் பாட்டுகள். அவளே இட்டுக்கட்டியவை பாதி, அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தவை பாதி. எதையும் அவள் நோட்டில் எழுதி வைத்ததில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மத்தியானங்களில் மாமி எங்கள் ஹாலில் உட்கார்ந்து பாடுவாள். அம்மா கேட்கக் கேட்க நேரே கம்ப்யூட்டரில் அடிப்பாள். பதினான்கு பாட்டு ஆயிற்று. தை பிறந்து பத்தாம் நாள் மாமிக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் செயலிழந்து பேச்சும் போயிற்று. வைகாசியில் மாமியின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். பாட்டையெல்லாம் சின்னப் புத்தகமாக அச்சடித்து, நலங்கன்று எல்லாருமாகப் பாடுவோம் என்று அம்மா மாமியின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு அம்மா கோவிலுக்குக் கிளம்பினாள். அங்கிருந்து நேரே மாமி வீட்டுக்குப் போவாள். தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், நான் எக்ஸ்பி சிடியை உள்ளே தள்ளிவிட்டேன்.

முட்டாள்தனமாக ஆரம்பிக்கவில்லை என்று எனக்கு நினைப்பு. அம்மாவின் பைல்களை ஒன்று விடாமல் டி டிரைவுக்கு மாற்றினேன். இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். பதினான்கும் இருந்தது. அதற்குப் பிறகுதான் சி டிரைவை அடியோடு அழித்து ஃபார்மேட் செய்தேன். நீலத் திரையில் மஞ்சள் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. அந்த மெஷினுக்கு எக்ஸ்பி அதிகப்படி. போன வாரம் மெமரி கூட்டிப் போட்டிருந்தும் மூச்சு வாங்கியது. இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம் என்று காட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்தும் அதே முப்பத்தொன்பதில் நின்றது.

அந்த நாட்களில் சாயங்காலம் அரை மணி நேரம் லோட்ஷெட்டிங். எங்கள் தெருவுக்கு ஏழு மணி. வீட்டில் யுபிஎஸ் கிடையாது. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகிவிடும். மணி ஆறரை ஆனபோது திரை இன்னும் பத்தொன்பது நிமிஷம் பாக்கி என்று காட்டியது. பேனைக்கூட நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். பேனை நிறுத்தினால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லைதான். ஏழுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் வந்தன. கரண்ட் போவதற்குள் மெஷினை ஒழுங்காக அணைத்தேன். இருட்டில் தனியாகச் சிரித்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏழரைக்கு வெளிச்சம் வந்ததும் வேர்டையும் போட்டு, முதல் பாட்டைத் திறந்தேன். தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கமாக்களும் கண்டபடி இறைந்து கிடந்தன. இரண்டாவதைத் திறந்தேன், அதுவும் அப்படியே. பதினான்கையும் திறந்தேன், பதினான்கும் அதே.

தமிழ் எழுத்துரு சி டிரைவில் இருந்தது. பைலை எடுத்து வைத்த எனக்கு, அந்தப் பைலைத் தமிழாகக் காட்டும் ஃபான்ட்டை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. தோன்றவும் செய்யாது. நான் முதல் வகுப்பிலிருந்து மலையாளம் படித்தவன். தமிழ் எனக்கு வீட்டில் பேசுவது, பஸ் போர்டில் எழுத்துக்கூட்டுவது, அவ்வளவுதான். அந்த மெஷினில் ஒரு வரி தமிழ் நான் அடித்ததில்லை. அம்மா கீபோர்டில் கட்டையைத் தட்டினால் தமிழ் வரும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல என்று இருந்துவிட்டேன்.

ஃபான்ட் இருந்த பிளாப்பியை மேஜை இழுப்பறையில் கண்டுபிடித்தேன். பூசணம் பிடித்திருந்தது. டிரைவில் போட்டால் கரகரவென்று கத்தியதே தவிரப் படிக்கவில்லை.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மானிட்டரை அணைத்தேன்.

"என்னடா, முடிஞ்சுதா? பாட்டெல்லாம் இருக்கோல்லியோ?"

"எல்லாம் பத்திரமா இருக்கும்மா. புது சிஸ்டமாக்கும், கொஞ்சம் செட்டில் ஆகணும். ரெண்டு நாளைக்கு நீ தொடாண்டாம்."

இப்படிக் கூசாமல் பொய் வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பானூருக்கு ஓடினேன். பிளாப்பியைக் கொடுத்த கடை லாட்ஜ் மாடியில் இருந்தது. அங்கே இப்போது டிராவல்ஸ் போர்டு தொங்கியது. நெட் சென்டரில் உட்கார்ந்து நாலு தமிழ் ஃபான்ட்டுகளை இறக்கினேன். போட்டுப் பார்த்தால் தமிழ் எழுத்து வந்தது, தமிழ்தான் வரவில்லை. ஒவ்வொரு ஃபான்ட்டும் தன் இஷ்டத்துக்கு எழுத்தை வைத்திருந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து பழவங்காடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இரண்டு இடங்களில் கேட்டேன். "தமிழோ? இவிடெ இல்லா" என்று ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்.

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாதம் போட்டாள், ரசம் விட்டாள், என் முகத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்குப் போய் வந்தாள். "பாட்டெல்லாம் என்னாச்சுன்னு மாமி கண்ணாலயே கேக்கறா. பத்திரமா இருக்குன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். நான் கையலம்ப எழுந்தேன். பேசமுடியாத மாமியிடம் போய் இன்னொரு தரம் பாடு என்று யார் கேட்பது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேறு வழியே இல்லை என்று ஆனபிறகு, சொன்னேன். அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை காலம்பற. நீ தம்பானூர் போனியே, அப்பத் தொறந்து பாத்தேன்."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அவள் கையெழுத்தில் வரிசையாகப் பாட்டுகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படிம்மா?"

"கல்லிடைக்குறிச்சில தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவளாக்கும் நான். இங்க வந்து முப்பது வருஷம் ஆபீஸ்ல இங்கிலீஷ். ரெண்டையும் அடிச்சது இதே பத்து விரல்தானே? இங்கிலீஷ்ல ஏ எஸ் டி எஃப் ஜி இருக்கற எடத்துல தமிழ்ல யளனகப. அந்தப் பாட்டு எங்கேயும் போகலை. நான் எந்தக் கட்டையை அடிச்சேனோ அதை அப்படியே காட்டறது. மடியில விரலை வெச்சு அடிச்சுப் பாத்துண்டே எழுதினேன்."

இரண்டு நாள் ஊரெல்லாம் நான் தேடிய எழுத்துரு எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தது.

"பதிமூணு ஆச்சு. கடைசிப் பாட்டு பாக்கி. கை வலிக்கறது. நான் படிக்கறேன், நீ எழுது."

"எனக்குத் தமிழ்ல வேகமா..."

"தெரிஞ்ச எழுத்துல எழுது."

மெஷினைப் போட்டாள். அந்த அரைப்புள்ளிக் குப்பையைப் பார்த்தபடி, மடியில் விரல்கள் அசைய, அம்மா மெல்லப் பாடினாள். "சம்பந்தி மாமாவுக்குச் சந்தனம் பூசியாச்சு, சாயம்போன வேஷ்டியை யார்தான் பாப்பா?" சிரிக்க வேண்டிய பாட்டு. நான் அழுதுகொண்டே மலையாள எழுத்தில் எழுதினேன். ஏழு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது பாட்டு முடிந்தது. அம்மா அதைப் பார்த்துத் தமிழில் எழுதி நோட்டை மூடினாள்.

"நீ பாட்டைத் தொலைச்சிருந்தாக்கூட எனக்கு இத்தனை வருத்தமில்லை. மாமிகிட்ட நான் பத்திரமா இருக்குன்னு சொன்னது நெஜம். அதையேதான் நீயும் எங்கிட்ட சொன்னே, அது பொய். ரெண்டு நாளா, இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு உன் மூஞ்சியப் பாத்துண்டே சாதம் போட்டேன்."

புதன்கிழமை நோட்டு கல்லிடைக்குறிச்சி பிரஸ்ஸுக்குத் தபாலில் போயிற்று. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் புத்தகம் வந்தது. முதல் பிரதியை மாமியிடம் கொடுக்க அம்மா என்னையும் கூட்டிப்போனாள். மாமியின் பெண் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். மாமி கண் எடுக்காமல் பார்த்தாள்.

"எங்கம்மா பாட்டையெல்லாம் இவன்தான் கம்ப்யூட்டர்ல பத்திரமா வெச்சிருந்து எடுத்துக் கொடுத்தானா?" என்று அந்தப் பெண் என் அம்மாவைக் கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் மாமி இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கினாள். நான் குனிந்தேன். என் தலையில் கையை வைத்து அழுத்தினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.