இருநூற்றுப் பதினாறு முகங்கள்

அன்றைக்குச் சவுண்டும் லைட்டும் திரையும் ஓட்டுகிற கன்சோல் மேசைப் பக்கம் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சவுண்டு அண்ணா. நாச்சாரம். தெலுங்குக்காரர். மேடையில் என்ன நடந்தாலும் தலையைத் தூக்க மாட்டார். கை மட்டும் நகரும்.

லைட் போடுகிற பாய். பழைய சிட்டி. வாயில் பான் இருக்கும்வரை பேச்சு கிடையாது. துப்பிவிட்டு வந்தால் நிறுத்த முடியாது.

கம்பெனித் தம்பி. கோவில்பட்டிக்காரர். இன்ஜினியர், இருபத்தேழு வயசு. விழா ஏற்பாடு முழுக்க அவர் தலையில்.

தம்பியின் அப்பா. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒரு கேள்வி கேட்க வந்தார். இடைவேளையில் மறுபடி வந்தார்.

ஹெச்.ஆர். மேடம். அவர் ஒரு தடவைதான் வந்தார். உட்காரவில்லை.

நான். திரை என் வேலை.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்பா பாலாநகரில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் இருந்தார். நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் கற்றேன். அப்புறம் ஆர்கெஸ்ட்ரா. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரை வேண்டும் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்த காலம். மழைப் பாட்டு என்றால் பின்னால் மழை. டிரம்ஸ் அடி விழும்போது வெளிச்சம் வெடிக்கணும். அதைச் செய்துகொண்டு போய், ஹாலின் பின்பக்கம் உட்கார்ந்து லேப்டாப்பில் ஓட்டுவேன். பாடுகிறவரைப் பார்க்கிறோம் என்று ஜனங்கள் நினைப்பார்கள். கண் திரையில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் பேங்க் விழுந்த வருஷம் அது. அதற்கு முன்னால் சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு கம்பெனி ஆண்டு விழா இருக்கும். அந்த வருஷம் மாதம் ஒன்று வந்தாலே பெரிசு. கம்பெனி ஆட்கள் குடியிருந்த கொண்டாப்பூரில் பால்கனிக்குப் பால்கனி டு-லெட் போர்டு தொங்கியது. எதிரில் வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் நின்று பேச மாட்டார்கள்.

அப்போதுதான் இந்தத் தம்பி என்னைத் தேடி வந்தார். கம்பெனியில் இருநூற்றுப் பதினாறு பேர். பேண்டு பாட்டு வாசிக்கும்போது அத்தனை பேர் முகமும் திரையில் வரணும். அதுதான் அவர் யோசனை. மூன்று வாரம் அலைந்து எல்லோரிடமும் போட்டோ வாங்கினார். சேர்ந்த வரிசைப்படி நம்பர் போட்டார். ஒன்று முதலாளி. இருநூற்றுப் பதினாறு போன மாதம் சேர்ந்த ஒரு பெண். எந்த நம்பர் யார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அவர் நம்பர் நூற்று முப்பத்தேழு. மொட்டை மாடியில் நின்று எடுத்த போட்டோ. கட்டியிருந்த டை, அறையில் கூடத் தங்கியிருந்தவருடையது. என் கடைக்கு வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை ஓட்டச் சொல்வார்.

"கண்ணு சின்னதாத் தெரியுதோண்ணே?"

"உங்க கண்ணே அவ்வளவுதான்" என்பேன்.

அந்தப் படத்தில் அவருக்கு ஒரு காரியம் இருந்தது. சாத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் சரி, பெண்ணுக்கும் சம்மதம். ஆனால் கம்பெனிகளில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் இழுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அவர் வாக்குக் கொடுத்தால் போதும் என்றார்களாம். அதற்காகத்தான் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். விழாவைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே போன் செய்வதாக ஏற்பாடு.

பாட்டு ஓடுகிற விதத்தையும் சொல்லணும். டிரம்ஸ்காரர் காதில் ஒரு டிக் டிக் ஓடும். என் லேப்டாப்பும் அதே டிக் டிக்கில்தான் ஓடும். இரண்டு அடிக்கு ஒரு முகம். கடைசி முகம் முடிகிற இடத்தில் பெரிய அடி ஒன்று விழும், கம்பெனிப் பெயர் எழும்பும். எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டியது. நடுவில் ஒரு படத்தை உருவினால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும். அடி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகும். உருவாமல் படத்தை மட்டும் அணைத்துவிடலாம். ஒரு தட்டு போதும். அந்த இடம் கறுப்பாக நிற்கும், மற்றது நகராது. கல்யாண வீடியோவில் சண்டை போட்டுப் போன சித்தப்பாவை அப்படித்தான் எடுப்போம்.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. வாடகை ஹால். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி சமோசா எண்ணப் போயிருந்தார். இரண்டே முக்காலுக்கு ஹெச்.ஆர். மேடம் வந்தார்.

கையில் மடித்த தாள். நம்பர் மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து. இந்தப் போட்டோக்கள் தெளிவாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். தெளிவாகத்தானே இருக்கிறது என்றேன். எடுத்துவிடுங்கள் என்று மறுபடி சொன்னார். ஏற்பாடு செய்கிற பையனிடம் சொல்ல வேண்டாம், அவனுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை என்றார். பேனா மூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பிறகு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் இருந்தது. அணைக்க ஆரம்பித்தேன். பதினொன்று. முப்பத்து நான்கு. ஐம்பது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. முகம் ஒவ்வொன்றும் ஒரு நொடி தெரியும், தட்டுவேன், போய்விடும். எதிலும் மங்கல் இல்லை. ஒருவர் பல் தெரியச் சிரித்திருந்தார்.

பாய் என் தோளுக்கு மேலே தாளைப் பார்த்தார். எழுந்து போய்ப் பானைத் துப்பிவிட்டு வந்தார். போன மாதம் வேறொரு கம்பெனியில் லைட் போட்டாராம். சனிக்கிழமை ஆட்டம் பாட்டம். கேபிள் எடுக்கத் திங்கட்கிழமை போனால் கேட்டில் கூட்டம். கார்டைத் தேய்க்கிறார்கள், கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்த சாமானை அட்டைப் பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்து கொடுத்தார்களாம். சொல்லிவிட்டுத் தாளை விரலால் தட்டினார்.

"ஹவ் மியா. யே லோக் கயே."

இவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த நம்பரைப் பார்த்தேன். நூற்று முப்பத்தேழு.

சவுண்டு அண்ணாவிடம் காட்டினேன். காலையில் டெஸ்ட் ஓட்டும்போது தம்பி அதையே காட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கும் அந்த நம்பர் தெரியும். தலையைத் தூக்காமல், நமக்கெதற்கு என்று தெலுங்கில் சொன்னார். சொல்லாதே என்றார் பாய். சொன்னால் பையன் மேடை ஏறிக் கத்துவான், நம் வேலையும் போகும் என்றார். என் கை மட்டும் நின்றிருந்தது.

அப்போதுதான் தம்பியின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. புது செல்போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தம்பி, எம்பய மூஞ்சி எத்தனாவது பாட்டுல வருது?"

நான் தாளை லேப்டாப்புக்கு அடியில் தள்ளினேன். எனக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்து மறுபடி கேட்டார். இரண்டாவது பாட்டு என்றேன். பாதிக்கு மேல் வரும், முன்னாடியே போனைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று போய்விடும் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

நூற்று முப்பத்தேழை அணைக்கவில்லை. மற்றதை எல்லாம் அணைத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கிழவர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் செய்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கறுப்பு என்ன செய்யும் என்பதையும் யோசிக்கவில்லை.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. ஹாலில் விளக்கை அணைத்தார்கள். வெளிச்சம் திரையிலிருந்து மட்டும். முதலாளி முகம் வந்ததும் விசில். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மூலையிலிருந்து கூச்சல் எழும்பியது. பதினொன்றில் முதல் கறுப்பு. ஹாலே இருண்டு திரும்ப வெளிச்சமானது. சிரித்தார்கள். வயர் போச்சு என்று யாரோ ஹிந்தியில் கத்தினார்.

முப்பத்து நான்கிலும் சிரித்தார்கள். ஐம்பதில் கொஞ்சம் பேர்தான்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அவர்கள் ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேராகச் சேர்கிறவர்கள். கார்டு வாங்க ஒரே வரிசையில் நின்றவர்கள். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். இந்த முகத்துக்கு அடுத்து எந்த முகம் வரணும் என்று ஹாலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. அடுத்தடுத்து மூன்று கறுப்பு. அவ்வளவு நேரம் இருட்டு நீண்டபோது பாடிக்கொண்டிருந்தவரே திரும்பித் திரையைப் பார்த்தார். பேண்டு நிற்கவில்லை. நிற்க முடியாது. காதில் டிக் டிக் ஓடிக்கொண்டிருந்தது.

என் மேசைக்கு முன்வரிசையில் ஒரு பெண், மடியில் சின்னப் பிள்ளை. பிள்ளையின் கையைப் பிடித்துத் திரைப் பக்கம் நீட்டினார், அடுத்தது அம்மா என்பது போல. கறுப்பு வந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அடுத்த முகம் வந்தபோதும் இறங்கவில்லை.

அதன் பிறகு கூச்சல் இல்லை. தலைகள் திரும்பின. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகம் வந்தவர்கள்கூடக் கை தட்டவில்லை.

நூற்று முப்பத்தேழு வந்தது. இருபதடி முகம், டை, சின்னக் கண். நாலாவது வரிசையில் ஒரு செல்போன் உயர்ந்தது. முதல் வரிசையில் ஒரு தலை திரும்பி கன்சோலைப் பார்த்தது. மேடம். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டேன்.

இருநூற்றுப் பதினாறு வரை ஓடியது. பெரிய அடி விழுந்தது. கம்பெனிப் பெயர் சரியான இடத்தில் எழும்பியது. வேலையில் தப்பில்லை. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி விழாவிலும் நான் முகங்களை வரிசையாக ஓட்டியதில்லை.

இரண்டு பாட்டு கழித்து இடைவேளை. சமோசாத் தட்டை யாரும் தொடவில்லை. தம்பி நேராக என்னிடம் வந்தார்.

"வயர் லூசாண்ணே?"

"இல்ல."

"அப்புறம்?"

"மேடம் நம்பர் கொடுத்தாங்க. எடுத்தேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பு விழ விழ எண்ணியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்து எண்ணியிருக்கிறார். இருபத்திரண்டு என்றார். அதில் மூன்று பேர் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள்.

"அண்ணே, நான் வந்தேன்லா?"

"வந்தீங்க."

பெருமூச்சு விட்டார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று பேர் ஞாபகம் வந்து உள்ளங்கையால் வாயை மூடினார். மூடியும் தெரிந்தது. பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கணும். லேப்டாப்பில் அடுத்த பாட்டைத் திறந்தேன்.

அவர் அப்பா வந்தார். போனில் விழுந்த படத்தை எல்லோருக்கும் காட்டினார். கண் மூடாமல் விழுந்திருக்கிறது என்றார். பிறகு மகனைப் பார்த்து, "வீட்டுக்கு அனுப்புதாங்க, வீட்டுக்கு அனுப்புதாங்கன்னு பயங்காட்டுனாங்கல்லா. படத்த எம்புட்டுப் பெருசா போட்ருக்கான் பாரு. சாத்தூருக்குப் பேசிருதேன்" என்றார்.

தம்பி சரிப்பா என்றார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பா போனில் நம்பர் தேட ஆரம்பித்தார்.

இடைவேளையில் நான் கன்சோலை விட்டு எழுந்ததே கிடையாது. எழுந்தேன். பையிலிருந்து தாளை எடுத்து தம்பியிடம் நீட்டினேன்.

"எண்ணிப் பாருங்க."

விரல் வைத்து மேலிருந்து எண்ணினார். பாதிக்குக் கீழே விரல் ஒரு இடத்தில் நின்றது. அப்புறமும் விடாமல் கடைசி வரை எண்ணினார். அப்பா போனைக் காதில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. தம்பி மறுபடி மேலே போய் முதலிலிருந்து எண்ணினார்.

இருபத்து மூன்று.