முனிரத்தினம் உயரமாக்கிய குதிரை

முனிரத்தினம் இறந்த செய்தி வந்தபோது ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்வரை கை உள்ளே. கம்பவுண்டர் வாசலில் நின்று சொன்னார்: "டாக்டரம்மா, குதிரைக்கார நைனா பூட்டாரு." கையை எடுக்கவில்லை. கன்று இருந்தது. மாட்டுக்காரரிடம் முதலில் அதைச் சொன்னேன்.

அவருடைய படத்திறப்பு மலருக்கு நல்லதாக நான்கு வரி ஊர்க்காரர்கள் நீங்கள் கேட்டீர்கள். ஒன்றுதான் கிடைத்தது: அவருக்குக் குதிரை பார்க்கத் தெரியும்.

மலையடிவாரத்தில் அவர் கொட்டகை. கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புவார். நான் திருத்தணிக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், தூரத்தில் நின்ற வெள்ளைக் குதிரையைக் காட்டி, "ஆணா பொண்ணா, சொல்லுங்க" என்றார். பின்பக்கம் போனேன். கொட்டகையே சிரித்தது.

"படிச்சவங்க வாலத் தூக்கிப் பாப்பாங்க. நாங்க கழுத்தப் பாப்போம்."

ஆணுக்குப் பிடரி தடித்து வளையும். பெண்ணுக்குக் கழுத்து மெலிந்து இடுப்பு அகலும். சரிதான். அதோடு நிறுத்தவில்லை. "டாக்டரம்மாவுக்கும் கழுத்து சன்னமாத்தான் கீது." மறுபடி சிரிப்பு. உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

குள்ளமான நாட்டு மட்டக் குதிரைகளின் குட்டிகளுக்குக் காது நுனிகளைச் சேர்த்து நூலால் கட்டுவார். உயரமான ராஜஸ்தான் சாதியான மார்வாரிக் குதிரைக்குப்போல உள்ளே வளையுமாம். வளையாது, புண்தான் வரும். மருந்து போட்டது நான். "காது தொட்டுக்கினா மார்வாரி. மாப்ள வூட்டான் வேற என்னாத்தப் பாக்கப்போறான்?"

பள்ளிப்பட்டு செல்வி அவருடைய மச்சினி. அவளுடைய கிழட்டு மட்டக் குதிரை கடைசியாக ஓர் ஆண்குட்டி போட்டது. பழக்குவதற்காக அவரிடம் விட்டிருந்தாள். ஆறு மாதத்தில் அதைக் காயடிக்கச் சொன்னார்.

"செல்வி சரின்னு சொல்லிட்டாங்களா?"

"ஆங். சொல்லிட்டாம்மா. நீங்க ஊசியப் போடுங்க."

போட்டேன். வெட்டியதும் நான்.

மூன்றாம் நாள் செல்வி வந்தாள். குட்டியைச் சுற்றி நடந்தாள். நின்றாள்.

"யாரக் கேட்டு பாவா?"

"உயரம் வரும்மே. ஆம்பளயா வுட்டா எலும்பு சீக்கிரம் நின்னுடும். இப்ப பாரு, கால் நீளும்."

"மட்டமாவே நிக்கட்டுமே. அது ஆத்தா மட்டந்தான? அந்த வம்சத்துக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சி."

"ஊர்ல வேற குதிரயே இல்லியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு போன் பண்ணிருக்கலாமே, டாக்டரம்மா."

குட்டியை அவரிடமே விட்டுப் போனாள். குதிரை உயர்ந்தது. கால்கள் மட்டும். மார்பு மட்டக் குதிரையின் மார்பாகவே ஒடுங்கி நின்றது. ஆணுக்குரிய பிடரி வரவேயில்லை. கத்தி உயரத்தைத்தான் மாற்றியது, மட்டச் சாதியை அல்ல. மாப்பிள்ளை ஏறினால் முன்கால் நடுங்கும். அதற்குப் பட்டுத்துணி போர்த்தி அனுப்பினார்.

அவர் படுக்கையில் விழுந்தபின் ஒருமுறை போனேன். நலம் கேட்க அல்ல. "செல்வி சரின்னதா நீங்கதான் எங்கிட்ட பொய் சொன்னீங்கன்னு அவங்ககிட்டயாவது ஒத்துக்குங்க. நான் தெரிஞ்சே வெட்டினேன்னு நினைக்கிறாங்க."

"உயரம் வந்துச்சா இல்லியா?"

வந்தது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். சொந்தக்காரரின் குரலை நானே கேட்காமல் இப்போது மருந்துப் புட்டியைத் திறப்பதில்லை. பொய் அவருடையது, அது அவரோடு எரிந்துவிட்டது. கேட்காமல் விட்டது நான்.

செல்வி இன்றும் தன் மாடுகளை என்னிடம் கொண்டுவருவதில்லை, ஆர்.கே.பேட்டை டாக்டரிடம்தான் காட்டுகிறாள்.