கண்டக்டர் சிலையின் குதிகால்

நாற்சந்தியில் நிற்கும் கண்டக்டர் சிலையைப் பெரியவள் கழுவ ஆரம்பித்துப் பதினோரு வருஷம். நிஜக் கண்டக்டர் இல்லை, சினிமாவில் வந்தவர். தறிகெட்டு ஓடும் பஸ்ஸை ஒற்றைக் கையைத் தூக்கியே நிறுத்துவார். அந்தக் காட்சியை எடுத்தது இதே நாற்சந்தியில். படம் ஓடோ ஓடென்று ஓடியது. ரசிகர்கள் கூடிச் சிலை வைத்தார்கள். உள்ளே இரும்புக் குழாய், வெளியே ஃபைபர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. படத்தில் இருப்பது போலவே தூக்கிய கையின் சட்டை தொளதொளவென்று வாய் திறந்திருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்கள்.

பெரியவள் நகராட்சியின் துப்புரவுப் பணியாள். மாமியாரை நான்கு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அழுக்கைக் கண்டு முகம் சுளிக்கவும் மாட்டாள், அதை விட்டுவைக்கவும் மாட்டாள். திங்கட்கிழமை ஏணி போட்டு ஏறுவாள். சிலையின் முழங்கையில் கயிறு கட்டி வாளியைத் தொங்கவிடுவாள். வாளி பீடத்தின் விளிம்பை உரசிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குக் கீழே, பீடத்தை ஒட்டி, அவள் தங்கையின் டீ வண்டி. சிலையோடு நின்று படம் பிடிக்க வருகிறவர்கள் டீயும் குடிப்பார்கள். சின்னவளின் பிழைப்பே அதுதான்.

சிலையின் இடது குதிகாலில் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை இருந்தது. மழை பெய்தால் அதிலிருந்து துருத்தண்ணீர் வடிந்து வெள்ளைப் பீடத்தைக் கறையாக்கும். "ஏம்மா, நீ கழுவுற லட்சணம் இதுதானா?" என்று மேஸ்திரி நாலு பேர் முன்னால் கேட்டார். அன்றைக்கே சிமெண்ட் குழைத்து ஓட்டையை அடைத்தாள். கறை நின்றது. மேஸ்திரியும் வாயை மூடினார். ஏழு மழைக்காலம் போனது.

இந்த வருஷம் சிலையின் வாயிலிருந்த விசில் உடைந்துவிட, சிலை செய்த வெல்டரையே கூப்பிட்டார்கள். வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டே பெரியவளிடம் சொன்னார்: "குதிகால் ஓட்டை அடைச்சுக்காம பாத்துக்கங்கம்மா. சட்டைக்கை வழியா இறங்குற தண்ணி அதுலதான் வெளிய போவணும். தேங்குச்சுன்னா குழாய் அரிச்சிரும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த திங்கட்கிழமை ஏணியில் ஏறும்போது சிலையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். மார்பில் கணீரென்றது. இடுப்புக்குக் கீழே சத்தமே இல்லை. நீர் கோத்த காலைத் தட்டுவது போல் இருந்தது. வாளியைத் தொங்கவிட்டாள். அது விளிம்பை உரசவில்லை. ஒரு சாண் தள்ளி, டீ வண்டிப் பக்கமாக ஆடியது.

உளியால் சிமெண்டைப் பெயர்த்தாள். கறுப்பாகத் தண்ணீர் பீய்ச்சியது. கூடவே ரொட்டித் துண்டு கனத்துக்குத் துருச் சில்லுகள் வந்து விழுந்தன.

"சின்னவளே, வண்டியை அந்தப் பக்கம் தள்ளு."

"எதுக்குக்கா? கண்டக்டர் என்னை எறங்கச் சொல்றாரா?"

"வெளையாடாதடி. இது விழும்."

"பஸ்ஸையே நிறுத்தினவரு, தன்னை நிறுத்திக்க மாட்டாரா? அந்த மூலைக்குப் போனா ஈதான் டீ குடிக்க வரும்."

வாயால் சொல்லி நகர்கிற ஆள் இல்லை அவள். கயிறு கட்டி ஆளை விலக்க ஆபீஸால்தான் முடியும். ஓட்டை தானாக அடைத்துக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் சிமெண்ட் எப்படித் தானாக வரும்? ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். பெரியவள் துருச் சில்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு நேராக இன்ஜினியரிடம் போனாள்.

"யாரு அடைச்சது?"

"நான்தான் சார். ஏழு வருஷமாச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க. முதல்ல கயிறு கட்டுங்க."

அவர் சில்லைக் கையில் எடுத்தார். அது பொடியாக உதிர்ந்தது. மத்தியானமே கயிறு கட்டினார்கள், டீ வண்டியை நாலு பேர் சேர்ந்து சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். சாயங்காலம் பெரியவளை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். கிரேன் வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள்.

புதன்கிழமை காலை சின்னவள் அக்கா முன்னால் டீயை நங்கென்று வைத்தாள். "உன் வேலையும் போச்சு, என் யாவாரமும் போச்சு. இப்பத் திருப்தியா?"

கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் குனிந்து உள்ளே நுழைந்தது, கையைத் தூக்கிப் படம் பிடிக்க. பெரியவள் எழுந்து போய் அதட்டி வெளியே தள்ளினாள். "போர்டு போட்டிருக்கு, கண்ணு தெரியல?" அன்றைக்கு அது ஒன்பதாவது தடவை.

அவசரத்தில் அவள் வாளியை யாரும் இறக்கவில்லை. அது இன்னும் முழங்கையில் தொங்கியது. மேற்கே வானம் கறுத்திருந்தது. காற்று இன்னும் எழவில்லை, வாளியும் ஆடவில்லை. சின்னவள்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, வாளி பீடத்தை விட்டு எவ்ளோ தள்ளி இருந்துச்சுன்னு சொன்ன?"

"ஒரு சாண்."

சின்னவள் வெறும் கையைக் காற்றில் விரித்து அளந்தாள். ஒரு சாண், இரண்டு சாண், அப்புறமும் கொஞ்சம். பிறகு அடுப்பை அணைத்தாள். "நான் அந்தப் பக்கத்து ரோட்டைப் பாத்துக்கறேன். நீ இந்தப் பக்கம் நில்லு" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

முதல் மழைத்துளி வாளியில் டங்கென்று விழுந்தது.