சோளச் சிப்ஸுக்குத் தனிச் சட்டி

பலகாரக் கடைக்காரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும், நம் தொழிலில் எண்ணெய் காய்வதற்கு முன்பே வாடிக்கைக்காரரின் யோசனை கொதித்துவிடும்! எண்பதுகளில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. உருளைக்கிழங்கு சிப்ஸ், முறுக்கு எல்லாம் என் மாமியார் காலத்து ஏற்பாடு. மக்காச்சோள மாவைப் பிசைந்து தேய்த்து, வில்லைகளாக வெட்டிப் பொரித்த சிப்ஸ் மட்டும் என் யோசனை. அந்தக் கடையில் என்னுடையது என்று ஒன்றாவது இருக்கட்டுமே என்று ஆசை. "தீபம் வரைக்கும் பாரு. போவலனா நிறுத்திடு" என்றார் கணவர்.

ஆகாத போணி

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவருக்கு ருசி பார்க்கக் கொடுத்தேன். மென்றார், இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். நான் பொட்டலம் கட்டவே காகிதத்தை எடுத்துவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா கீது. ஆனா இத நாங்க கோழிக்குப் போடறோம். வாங்கினு போனா வீட்ல சிரிப்பாங்க" என்றார்.

நீண்ட கை

ஜைனக் குடும்பத்து அம்மாள் ஒருவர் மகளோடு வந்தார். அவர்கள் கிழங்கு வகையே தொடமாட்டார்கள். அதனால் அந்தப் பெண் அதுவரை சிப்ஸே தின்றதில்லையாம். சோளம் என்றதும் அவள் கை நீண்டது. "கிழங்கு பொரிச்ச எண்ணெயிலதான் இதையும் போட்டீங்களா?" என்று அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். நீண்ட கை மடங்கிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாளே சோளத்துக்கென்று புது எண்ணெய்ச் சட்டி வாங்கினேன். கணவர் அதைத் தட்டிப் பார்த்தார். "ஒரு பொண்ணு திங்கறதுக்கு ஒரு சட்டியா? நல்லா கீது நாயம்!"

நமுத்த டப்பா

கார்த்திகை மழையில் சிப்ஸ் நமுத்துப்போனது. தீபத்துக்கு இரண்டே வாரம்தான் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு டப்பாவைக் கொட்டப் போனபோது அதே அம்மாள் வந்தார். தனிச் சட்டியில் பொரித்ததுதான், ஆனால் நமுத்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியே கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

"மோர்க்குழம்புல போடறதுக்கு நமுத்தா என்னங்க? நாளைக்கு சதுர்த்தசி, எங்களுக்குப் பச்சைக் காய்கறி ஆவாது. இதாங்க காய்!"

தீபத்தன்று

அதற்குள் அந்த அம்மாளின் சொந்தக்காரர்களும் வாடிக்கையாகிவிட்டார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள், ஆகவே மதியமே வந்து சோளச் சிப்ஸ் முழுவதையும் வாங்கிப் போய்விட்டார்கள். என் சட்டி சும்மா இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸுக்கோ கடை முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. "அந்தச் சட்டி காலியாத்தானே கீது, அதுலயும் கிழங்கப் போடுங்களேன்" என்று ஒருவர் அவசரப்படுத்தினார். கணவர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார். "அதுல ஆவாதுங்க. அது எங்க வீட்டுக்காரம்மா சட்டி."

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கடையில் எனக்கும் பங்கு கிடைத்தது, ஒரு சட்டி அகலத்துக்கு.