மெத்தை வீட்டுக்குப் பாடு

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எங்கள் மெத்தை வீட்டுக்கு வழி கேட்டால், "உப்புக்காரர் வீடா?" என்பார்கள். கட்டியவர் உப்பு வியாபாரி. அவர் பிள்ளைகள் விற்க, கிளிஞ்சல் சுண்ணாம்பு விற்ற குடும்பம் வாங்கியது. மாடிக்கு மரப்படி போட்டது அவர்கள்தான். அவர்கள் சென்னைக்குப் போனபோது, ஏரியில் இறால் பிடித்துப் பிழைத்த எங்கள் நைனா வாங்கினார். குப்பத்துக்காரனுக்கு மெத்தை வீடா என்று ஊர் வாயைப் பிளந்தது. பிளக்கட்டுமே!

போன வருஷம் நைனா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே அண்ணன்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே படி, ஒரே கிணறு. வீட்டைப் பிரிக்க வழியில்லை. ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதை எங்கள் பக்கம் பாடு என்போம். அண்ணன்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

"வருஷத்துக்கு ஒர்த்தர்னு பாடு வச்சிக்கலாம்" என்று பெரியண்ணன் இரண்டு சீட்டு எழுதினார்.

"எனக்கு எந்த வருஷம்ண்ணா?"

"பொம்பளைக்கு இன்னாம்மா பாடு?" என்று சிரித்தார் சின்னவர்.

ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது, வாஸ்தவம். வீடு ஏரியா? அதோடு விட்டார்களா! வீடு ஒருத்தருக்கு வந்தால் அந்த வருஷம் அம்மா இன்னொருத்தரோடு இருக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பொன்னேரி பத்திர ஆபீசுக்குப் போய், என் பங்கைக் கேட்கலாம் என்று நகலுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நகல் வந்தது. வாங்கியவர் என்ற இடத்தில் நைனா பெயர் இல்லை. அம்மா பெயர். நைனா வீடு, நைனா வீடு என்றே நாங்கள் மூவரும் வளர்ந்தோம். நானும் ஒரு நாள் கேட்டதில்லை. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன்கள் முன்னால் படித்துக் காட்டினேன்.

"கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன்" என்றாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப பாடு நான் வக்கிறேன். மொதப் பாடு எனக்கு. சாவுற வரைக்கும்."

பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சின்னவர்தான் மெல்லக் கேட்டார். "அதுக்கப்புறம்மா?"

"சீட்டுக் குலுக்கிக்குங்க" என்றாள் அம்மா. "மூணு சீட்டு."